கோபம் யாருக்கு வந்தது?

போன மார்கழியில் ஒரு நாள், விடியக்காலம் மூன்றரை மணி இருக்கும். அந்த வாரம் த்ரீ பேஸ் கரண்டு ராத்திரியில்தான். டார்ச்சையும் மம்பட்டியையும் எடுத்துக்கொண்டு தோப்புக்கு நடந்தேன். எங்கள் புதுப்பட்டிக்கு மேற்கே மலை. அந்த நேரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, குளிர் மட்டும் அங்கிருந்து இறங்கி வரும்.

எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பொதுவாக ஒரு பங்குக் கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. அன்றைக்கு என் முறை. ஆனால் தூரத்திலேயே மோட்டார் சத்தம் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது, அண்ணன் தோப்புக்குள்.

முதலில் நெஞ்சுக்குக் கீழே ஒரு சூடு. அப்புறம் காது மடலில். அப்புறம் வாய் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது, சத்தமில்லாமல். அண்ணனை எதிரே நிறுத்தி வைத்து ஒரு முழுப் பஞ்சாயத்து நடந்தது மனசுக்குள். தண்ணீரில் ஆரம்பித்து, பழைய வரப்புத் தகராறுக்குப் போய், அப்பா இறந்த அன்றைக்கு அவர் மத்தியானத்துக்கு மேல் வந்தது வரைக்கும் எடுத்தாயிற்று. அவர் என்ன பதில் சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன் எல்லாம் தயார். இத்தனைக்கும் நான் வரப்பில் பத்தடிதான் நடந்திருப்பேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. நான் யோசித்துக் கேட்டதில்லை. பல மாதமாக ரமண மகரிஷியின் 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அது எங்கோ ஊறிக் கிடந்திருக்க வேண்டும். கோபம் வந்திருக்கு. சரி. யாருக்கு?

எனக்கு.

டார்ச்சை அணைத்துவிட்டு நின்றேன். அந்த 'எனக்கு' எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். நெஞ்சில் சூடு இருந்தது. மூச்சு வேகமாக இருந்தது. மோட்டார் சத்தம், தண்ணீர் சத்தம், காலில் ஈரம், எல்லாம் இருந்தன. இதெல்லாம் யாருக்கு நடக்கிறதோ அந்த ஆளைத் தேடினால் ஆள் அகப்படவில்லை. ஒரு பத்து நொடி இருக்கும். கோபம் இருந்தது, கோபக்காரன் இல்லை. அந்தப் பத்து நொடியின் அமைதியை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பேரானந்தம், ஒளி என்றெல்லாம் எதுவும் கிடையாது. தலையில் இருந்த புல்லுக்கட்டை இறக்கி வைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

மோட்டார் ரூமுக்குப் போனால் அண்ணன் சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். தலையில் துண்டு.

"அண்ணே."

"மணி என்னடா?"

"மூணே முக்கா."

"அய்யய்யோ. ரெண்டு மணிக்கு மடைய உன் பக்கம் திருப்பிரணும்னுதான் உக்காந்தேன். அசந்துட்டேன்டா."

மடையை நான் திருப்பினேன். நடந்தது இவ்வளவுதான். அவர் வேண்டுமென்றே விட்டிருந்தாலும் என் முறையை நான் கேட்டுத்தான் இருப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அப்பாவின் சாவை அந்த வாய்க்காலுக்குள் இழுத்திருக்க மாட்டேன் என்று நம்புகிறேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்த அனுபவத்தைவிட, அதற்கு அப்புறம் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயம். நாம் பேசுகிற தமிழைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எனக்குக் கோபம் வருது. எனக்குப் பசிக்குது. எனக்குத் தூக்கம் வருது. எனக்குப் பயமா இருக்கு. எனக்கு ஞாபகம் இல்ல. எனக்குப் பிடிக்கும். இவ்வளவு ஏன், எனக்குத் தெரியும். ஒன்றில்கூட 'நான்' எழுவாயாக இல்லை. கோபம்தான் எழுவாய். அது எங்கிருந்தோ கிளம்பி வருகிறது, நாம் வாங்கிக்கொள்கிறவர்களாக இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் நான்காம் வேற்றுமை என்று படித்தோமே, 'கு' உருபு, கொடைப் பொருள், அதேதான். இராமனுக்குப் பழம் கொடுத்தான் என்பது போலக் கோபத்தை யாரோ நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அது நடந்து முடிந்து, கதையாகச் சொல்லும்போதுதான் "நான் பயங்கரமா கோவப்பட்டுட்டேன்" என்கிறோம். வரும்போது விருந்தாளியாக வந்தது, சொல்லும்போது வீட்டுக்காரனாகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. அங்கே நேராக 'நான்' என்று ஆரம்பித்து, அந்த நானே கோபம் என்று முடித்துவிடுவார்கள். நம் பக்கத்து மொழிகளில் உண்டு. ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற நண்பர்கள் "நாக்கு கோபம் வச்சிந்தி" என்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதே 'கு'.

ரமணர் காட்டிய வழி முழுக்க இந்த உருபின் மேல்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த எண்ணம் எழுந்தாலும் அதன் பின்னாலேயே போகாதே, இது யாருக்கு எழுந்தது என்று பார். எனக்கு என்று பதில் வரும். அந்த நான் யார் என்று திரும்பு. இதுதான் அவர் சொன்னதன் சாரம். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் இது ஏதோ தத்துவ வகுப்பில் கேட்கிற கேள்வி போல விறைப்பாக ஒலிக்கிறது. தமிழில் அடுப்படிக் கேள்வி. டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து "சக்கரை இல்லாதது யாருக்கு?" என்று கேட்டால், "எனக்கு" என்று ஒரு கை நீளுமே, அந்த மாதிரி.

அவர் எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரர் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. திருவண்ணாமலை என்றே மனதில் பதிந்துவிட்டது. 1879 டிசம்பர் 30, திருவாதிரை இரவில், திருச்சுழியில் பிறந்தார். அப்பா சுந்தரமய்யர் அங்கே வக்கீல். பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தபோது வெளியே ஒரு அம்மா கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசின தமிழும் என் அப்பத்தா பேசின தமிழும் ஒன்று. வேங்கடராமன் என்ற அந்தப் பையன் காதிலும் முதலில் விழுந்தது இந்த மாதிரிப் பேச்சுத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா 1892இல் இறந்துவிட, பையன் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போகிறான். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கம், சொக்கப்ப நாயக்கன் தெரு. படிப்பில் பெரிய நாட்டமில்லை, விளையாட்டில் உண்டு. தூக்கம் என்றால் அப்படி ஒரு தூக்கம், மற்ற பையன்கள் தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து போட்டாலும் தெரியாதாம். 1896 ஜூலை வாக்கில், பதினாறு வயதில், மாடியறையில் தனியாக இருக்கும்போது காரணமே இல்லாமல் சாவு பயம் வருகிறது. நாமாக இருந்தால் கீழே ஓடி வந்து யாரையாவது கூப்பிட்டிருப்போம். அவன் படுத்துக்கொண்டான். கை கால்களைப் பிணம் போல விறைத்து நீட்டி, உதடுகளை மூடி, சாவது எது என்று பார்த்தான். உடம்பு போனால் 'நான்' போய்விடுமா என்று உள்ளே தேடினான். அதற்கப்புறம் அந்தப் பயம் அவனுக்கு வரவே இல்லை.

எனக்கு இதைவிடவும் பிடித்தது ஆறு வாரம் கழித்து நடந்தது. ஆகஸ்ட் 29. தண்டனையாகக் கொடுத்த இலக்கணப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தவன் அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார, அண்ணன் நாகசாமி கடிந்துகொள்கிறார். வீட்டை விட்டுக் கிளம்ப முடிவாகிவிட்டது. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதி வைத்தான். அந்தக் கடிதம் 'நான்' என்று ஆரம்பிக்கிறது. இரண்டாவது வாக்கியத்திலேயே 'நான்' காணாமல் போய் 'இது' ஆகிவிடுகிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, ஒரு கோடு மட்டும். ஆனால் கட்டணம் இன்னும் கட்டவில்லை, மீதி 2 ரூபாய் இதோடு இருக்கிறது என்று கணக்கு மட்டும் சரியாக எழுதியிருக்கிறது.

அந்த இரண்டு ரூபாயை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். 'நான்' உதிர்ந்துவிட்ட பிறகும் அண்ணனுக்குச் சேர வேண்டியது அண்ணனுக்குச் சேர வேண்டும். அத்வைதம் பேசினால் பொறுப்பு போய்விடும், எல்லாம் மாயை என்று சொல்லி ஆள் நழுவிவிடுவான் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி நழுவுகிறவர்களும் உண்டுதான். அவர்களுக்கெல்லாம் நான் அந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன்.

செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர் 1950 ஏப்ரல் 14 வரை அந்த ஊரை விட்டு நகரவில்லை. 1902இல், அவர் விரூபாட்ச குகையில் மௌனமாக இருந்த காலத்தில், தென்னாற்காடு பக்கம் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை வந்து கேள்வி கேட்டார். தத்துவம் படித்தவர். முதல் கேள்வியே நான் யார் என்பதுதான். இருபத்திரண்டு வயதுக்காரர் பேசாமல் எழுதிக் காட்டியவைதான் 1923இல் அச்சேறி 'நான் யார்?' ஆனது. தமிழில் கேட்டு, தமிழில் எழுதப்பட்ட பதில்கள். வேதாந்தம் படிக்க சமஸ்கிருதம் தெரிய வேண்டும், பாஷ்யம் தெரிய வேண்டும் என்று ஒதுங்கி நிற்கிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கையில் ஏந்தினால் எடையே தெரியாத புத்தகம் அது.

ஒரு மந்திரம் போல 'நான் யார், நான் யார்' என்று உருப்போடுவதை அவர் சொல்லவில்லை. அதையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், தலைவலிதான் மிச்சம். கேள்விக்குப் பதிலாக ஒரு வாக்கியம் வந்தால், 'நான் ஆத்மா' என்றோ 'நான் பிரம்மம்' என்றோ வந்தால், அதுவும் இன்னொரு எண்ணம்தான். அதுவும் யாருக்கோ வந்ததுதான்.

இப்போது ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். மாமியாருக்கு உடம்பு ரொம்ப முடியாமல் இருந்த சமயம். ஒருநாள் சாயங்காலம் என் மனைவி போனில் பேசிவிட்டு அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் போய், பெரிய உதவி செய்கிற நினைப்பில், "இந்த வருத்தம் யாருக்கு வருதுன்னு கொஞ்சம் பாரு" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்குத்தான். வேற யாருக்கு? வந்து பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் எதுவும் பேசவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வியை அடுத்தவர் யாரிடமும் கேட்டதில்லை. அது தன்னைப் பார்த்துத் தான் கேட்க வேண்டிய கேள்வி. அடுத்தவர் மேல் வீசினால் அது கல்.

இந்த இடத்தில் எனக்கு நல்லதங்காள் ஞாபகம் வராமல் இருக்காது. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. சின்ன வயதில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அப்பத்தா கதையை ஆரம்பித்துவிடும். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் இல்லாத நேரம், மதினி மூளி அலங்காரி சோறு போடவில்லை. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுகிறாள். அவளிடம் போய், பசி யாருக்கு, அவமானம் யாருக்கு என்று கேட்க எந்த ஞானிக்கும் வாய் வராது. பசித்தவளுக்குச் சோறுதான் பதில். ரமணாசிரமத்தில் பகல் சாப்பாட்டுக்கு முன் வெளியே காத்திருக்கிற ஏழைகளுக்கும் சாதுக்களுக்கும் போட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்கு என்பது ரமணர் காலத்திலேயே வந்த வழக்கம். தன் இலைக்கு மற்றவர்களைவிட ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். விடியுமுன்னே எழுந்து சமையல் கட்டில் காய் நறுக்கியவர். அந்தச் சமையல் கட்டையும் சேர்த்துப் படித்தால்தான் 'நான் யார்?' முழுசாகப் புரியும் என்பது என் கட்சி.

கிணறு என்றதும் இன்னொரு கிணறு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிக்கொண்டு ஆண்டாள் அழகு பார்த்தது அதில்தான் என்பார்கள். எட்டிப் பார்க்காமல் யாரும் வருவதில்லை. நானும் பார்ப்பேன். ஆண்டாளின் காதலை அத்வைதமாக்கிப் பேசினால் வைணவப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அது இரண்டு பேர் இருந்தால்தான் நடக்கிற விஷயம். ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 'நான்' எங்கே என்று தேடச் சொன்ன அதே ரமணர், விரூபாட்ச குகையில் இருந்தபோது, அருணாசலத்தை மணவாளனாக்கித் தன்னை மணமகளாக்கி 108 கண்ணிகளில் அட்சரமணமாலை பாடினார். அதுவும் மாலைதான். பிச்சைக்குப் போகும் அடியார்கள் தெருவில் பாடிக்கொண்டு போனார்கள். மண்டையால் தேடிப் போனவருக்கும் மனசு உருகிப் போனவருக்கும் நடுவில் நாம் போடுகிற வரப்பு அவரிடம் இல்லை.

தேடாமலே 'எனக்கு' கழன்று போகிற இடமும் உண்டு. சதுரகிரி மலைக்குப் போகிறவர்கள் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் எங்கள் பக்கத்து ரோட்டில்தான் போவார்கள். ஆடி அமாவாசைக்கு ரோடு கொள்ளாது. தாணிப்பாறையில் ஏற ஆரம்பித்து மகாலிங்கத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறவர்களின் முகத்தைக் கவனித்திருக்கிறேன். கால் வலி தாங்கமாட்டாமல் நொண்டிக்கொண்டு, முகம் மட்டும் கழுவி விட்ட மாதிரி. மேலே என்ன கிடைத்தது என்று ஒருவரிடம் கேட்டேன். "ஒண்ணும் தோணலண்ணே, ஏறும்போது மூச்சு மட்டும்தான் இருந்துச்சு" என்றார். மலை ஏறுகிறவனுக்கு அடுத்த படியைத் தவிர எதற்கும் இடமில்லை. 'எனக்கு' என்று சொல்லிக்கொள்ளக்கூட மூச்சு மிச்சமிருக்காது.

தினமும் ராத்திரி நாம் எல்லாரும் அந்த மலை ஏறுகிறோம். "நேத்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன், ஒண்ணும் தெரியல" என்று சந்தோஷமாகச் சொல்கிறோமே. ஒன்றும் தெரியவில்லை என்பது யாருக்குத் தெரிந்தது? பேர் இல்லை, ஊர் இல்லை, வரப்பு இல்லை, தண்ணீர் முறை இல்லை. ஆனாலும் இல்லாமல் போய்விட்டோம் என்று காலையில் யாரும் பதறி எழுந்திருப்பதில்லை. வேதாந்தம் ரொம்ப காலமாகக் காட்டுகிற உதாரணம் இது. மூன்றே முக்கால் மணிக்கு மோட்டார் ரூமில் சாக்கின் மேல் அசந்து தூங்கிய அண்ணனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அந்த முகத்தில் எனக்கு எதிராக எதுவும் இல்லை. அந்த முகத்தில் அண்ணனே இல்லை.

எல்லா நாளும் இப்படி நடப்பதில்லை. போன மாதம் தேங்காய்க் கணக்கில் அவரோடு சத்தம் போட்டேன், கேள்வி வரவே இல்லை. ராத்திரி படுத்த பிறகுதான் வந்தது. வந்ததே போதும் என்று எடுத்துக்கொண்டேன். காலையில் போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

அப்பத்தாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனசு வரவில்லை. அது ரமணரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் தன்னைப் பற்றிப் பேசும்போது 'நான்' என்று சொல்வது அபூர்வம். "இந்தக் கட்டைக்கு என்னடா வேணும், ஒரு வாய் கஞ்சி" என்னும். "இந்தக் கட்டை வேகிற வரைக்கும் ஓடும்" என்னும். எங்கள் பக்கத்துக் கிழவிகள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். அலுப்பில் சொல்கிற வார்த்தை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மதுரைக் கடிதத்தில் 'நான்' போய் 'இது' வந்த இடத்தைப் படித்தபோது, எழுந்து போய் அப்பத்தா உட்கார்ந்திருக்கும் திண்ணையைப் பார்த்துவிட்டு வந்தேன். அது போய் நாலு வருஷமாகிவிட்டது.

கடைசி ஒரு வருஷம் கண் சுத்தமாகத் தெரியவில்லை. காதும் பாதிதான். சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தால் செருப்புச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பும்.

"யாரது?"

"நான்தான் அப்பத்தா."

"நான்னா யாரு?"

பேரைச் சொல்வேன். சில நாள் அது போதாது. யார் மகன் என்று சொல்வேன். சில நாள் அதுவும் போதாது. அப்போது பக்கத்தில் போய்க் குனிந்து முகத்தைக் கொடுப்பேன். நெற்றியில் ஆரம்பித்து மூக்கு, கன்னம், தாடை என்று விரல்களால் மெதுவாகத் தடவிப் பார்க்கும். என்ன கண்டுபிடித்ததோ, கையை எடுத்துக்கொள்ளும்.

"சரி. சாப்பிட்டியா?"